பூட்டுக்குப் பக்கத்திலேயே திறப்பு

(கடந்த மாதம் லண்டனில் நடந்த எங்கள் ஒருநாள் பயிலரங்கில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை. வரமுடியாமல் போன பலர் கேட்டதால் எழுத்தில் தருகிறோம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை. பேசியவரின் பெயரையும் சில விபரங்களையும் காரணத்தோடுதான் தவிர்த்திருக்கிறோம்.)



மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குறியாக்கம் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைப் போட்டிருக்கினம். நித்திரை வந்தால் குறை நினைக்க மாட்டன். ஆனா முதல் பத்து நிமிசம் மட்டும் முழிச்சிருங்கோ. முதலில் சொல்லப்போறது தொழில்நுட்பம் இல்லை, எங்கட கூட்டு விட்ட ஒரு பிழை. இன்னும் சரியாச் சொன்னால், நான் விட்ட பிழை.

எங்களிடம் ஒரு சாட்சியத் தொகுப்பு இருக்கு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள், பெரும்பாலும் அம்மாமார், சொன்னவை. ஒலிப்பதிவு, எழுத்து, கொஞ்சப் படங்கள். சொன்னவர்களில் பலர் இப்பவும் ஊரிலதான் இருக்கினம். ஊர் எப்படிப்பட்ட ஊர்? 1979 இல் மூன்று வருசத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982 இல் நிரந்தரமாக்கிப் போட்டு, அதை வைத்து ஒரு தலைமுறையையே உள்ளுக்குப் போட்ட நாடு. அதனால் அந்தத் தொகுப்பை நாங்கள் திறந்தபடி வைக்கவில்லை. குறியாக்கம் செய்துதான் வைத்தம்.

அது எப்படி வேலை செய்யுது என்று புதுத் தோழர்களுக்காகச் சுருக்கமாச் சொல்லுறன். இரண்டு திறப்பு இருக்கு. ஒன்று பொதுத்திறப்பு, மற்றது தனித்திறப்பு. தபால் பெட்டியை நினைச்சுக்கொள்ளுங்கோ. அதின்ர வாய்க்குள்ளால ஆரும் கடிதம் போடலாம். எடுக்கிறதுக்குப் பெட்டித் திறப்பு வைத்திருக்கிற ஆள் வேணும். பொதுத்திறப்பு அந்த வாய். தனித்திறப்பு பெட்டியைத் திறக்கிறது. இந்த யோசனையை 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு பேர் வெளியிட்டவை. 1991 இல் ஃபில் ஸிம்மர்மன் பி.ஜி.பி. என்ற மென்பொருளாக அதைச் சாதாரண ஆக்களின்ர கைக்குக் கொண்டுவந்தார். அவர் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் நின்றவர். இலவசமாக் குடுத்ததுக்கு அமெரிக்க அரசு ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் மூன்று வருசம் அவரை விசாரிச்சது. மென்பொருளையும் ஆயுதம் என்று அரசு நினைக்கும் என்றதை அப்ப இருந்தே தெரிஞ்சுகொள்ளலாம்.

இந்தத் தனித்திறப்பு என்றது நிசத்தில ஒரு கோப்பு. மனதில வைத்திருக்க முடியாத நீளமான எண். கோப்பு என்றால் களவு போகலாம், மடிக்கணனியோட தொலையலாம். அதனால மென்பொருள் அந்தக் கோப்பையே இன்னொரு தரம் பூட்டும். அந்தப் பூட்டுக்குத்தான் கடவுச்சொல். நீங்கள் அடிக்கிற கடவுச்சொல்லை மென்பொருள் பல தரம் அரைச்சு ஒரு புதுத் திறப்பாக்கி, அதால தனித்திறப்பைத் திறக்கும். வேணுமென்றே மெதுவா அரைக்கும். உங்களுக்கு அரைச் செக்கன் போறது பெரிசில்லை. கோடிக்கணக்கில் ஊகிச்சுப் பார்க்கிறவனுக்கு அந்த அரைச் செக்கன்தான் மதில்.

சரி, என்ர பிழைக்கு வாறன்.

தொகுப்பு ஒரு சேர்வரில் இருந்தது. ஒவ்வொரு இரவும் 2 மணிக்கு ஒரு சின்ன நிரல் ஓடி, புதுப் பதிவுகளைக் குறியாக்கம் செய்து சேமிப்பு நகல் எடுக்கும். எழுதினது நான். நல்ல பிள்ளையா இன்னொன்றும் செய்தன்: எடுத்த நகல் பழுதில்லாமல் இருக்கோ என்று பார்க்க, நிரலே அதைத் திறந்து சரிபார்க்கும். திறக்கிறதுக்குத் தனித்திறப்பு வேணும். தனித்திறப்புக்குக் கடவுச்சொல் வேணும். இரவு 2 மணிக்கு ஆர் முழிச்சிருந்து அடிக்கிறது? அதனால கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே ஒரு வரியில எழுதிப் போட்டன். பக்கத்தில ஒரு குறிப்பும் போட்டன், "பிறகு மாத்த வேணும்" எண்டு.

இங்க நிரல் எழுதுற ஆக்கள் சிரிக்கிறது கேட்குது. அந்தப் "பிறகு" ஒன்றரை வருசமா வரேல்லை.

பிறகு புதுத் தோழர்கள் வந்தினம். எல்லாரும் சேர்ந்து வேலை செய்யலாம் என்று நிரல்களைக் கிட் களஞ்சியம் ஒன்றில போட்டுப் பகிர்ந்தம். ஒரு நாள் 19 வயதுத் தங்கச்சி ஒருத்தி அதை வாசிச்சுப்போட்டு எனக்குத் தகவல் அனுப்பினா: "அண்ணா, இது டெஸ்ட் பாஸ்வேர்ட் தானே?"

நான் கொஞ்ச நேரம் பதில் எழுதேல்லை.

அடுத்த இரண்டு நாளில நாங்கள் படிச்சது இவ்வளவும். முதலாவது, அந்த வரியை அழிக்கிறதால ஒன்றும் நடக்காது. கிட்டின்ர வேலையே மறக்காமல் இருக்கிறது. பழைய வடிவம் எல்லாம் வரலாற்றில கிடக்கும், இறக்கின ஒவ்வொருவரின்ர கணனியிலும் கிடக்கும்.

இரண்டாவது, இதைத்தான் பலர் பிழையா விளங்கியிருக்கினம். கடவுச்சொல்லை மாத்தினாலும் காணாது. கடவுச்சொல்லை மாத்துறது என்றால் உங்கட கையில இருக்கிற திறப்புக் கோப்பின்ர உறையை மாத்துறது மட்டும்தான். உள்ளுக்கு இருக்கிற திறப்பு அதேதான். ஆரும் ஏற்கெனவே பழைய கோப்பின் நகலை எடுத்திருந்தால், பழைய கடவுச்சொல் அதைத் திறந்துகொண்டேதான் இருக்கும். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாத்துற பழக்கத்தில நாங்கள் இதையும் அப்படியே நினைக்கிறம். அது வேற, இது வேற. இங்க திறப்பையே மாத்த வேணும். புதுச்சோடி உருவாக்கி, எல்லாத்தையும் திருப்பிக் குறியாக்கம் செய்து, பழைய நகல்களைத் தேடித் தேடி அழிக்க வேணும்.

மூன்றாவது, அப்படிச் செய்தாலும் பழைய தொகுப்பை ஆரும் முன்னமே எடுத்திருந்தால் அதைத் திருப்பி வாங்க ஒரு வழியும் இல்லை. எடுத்தார்களோ என்று பார்க்கச் சேர்வர் பதிவேட்டைத் திறந்தம். 30 நாளுக்கு மேல அது வைத்திருக்கேல்லை. ஆரும் எடுத்ததுக்கு ஆதாரம் இல்லை. எடுக்கேல்லை என்றதுக்கும் ஆதாரம் இல்லை.

கூட்டம் வைத்து முடிவெடுத்தம், குடும்பங்களுக்குச் சொல்லுறது என்று. சில தோழர்கள் வேண்டாம் என்றவை. வீணாப் பயப்படுத்துறம் என்றவை. அதில நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா ஆபத்து அவையின்ர. அவைக்குத் தெரியாமல் நாங்கள் அதைத் தீர்மானிக்க ஏலாது.

நான்தான் எடுத்துச் சொன்னன். ஒரு அம்மா அமைதியாக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா, "தம்பி, என்ர பேர் அதில கிடக்கோ?" ஓம் அம்மா என்றன். "மற்றப் பிள்ளையளின்ர பேரும்?" அதுக்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவ தன்ர பதிவை அழிக்கச் சொன்னா. அழிச்சம். காணாமல் போன மகனைப் பற்றி அவ நாலு மணித்தியாலம் சொன்னது இப்ப எங்களிடம் இல்லை. என்ர ஒரு வரி நிரலின்ர விலை அது.

இது எங்களைப் போல சின்னக் கூட்டுகளுக்கு மட்டும் நடக்கிறதில்லை. விக்கிலீக்ஸ் அமெரிக்கத் தூதரகத் தந்திகளைக் கார்டியன் பத்திரிகையோடு பகிர்ந்தபோது ஒரு கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டித்தான் குடுத்தது. 2011 பெப்ரவரியில் கார்டியன் ஊடகவியலாளர் இரண்டு பேர் எழுதிய புத்தகத்தில் அந்தக் கடவுச்சொல் அப்படியே அச்சாகியது. அது தற்காலிகமானது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். விக்கிலீக்ஸ் அதை மறுத்தது. ஆனா பூட்டின கோப்பின் நகல் இணையத்தில ஏற்கெனவே பரவியிருந்தது. அந்த வருசம் செப்டெம்பரில் 251,287 தந்திகளும் பெயர்கள் மறைக்கப்படாமலே வெளியில வந்திட்டுது. ஆர் பிழை என்று இரண்டு பக்கமும் இன்னும் சண்டை. எங்களுக்கான பாடம் ஒன்றுதான்: பூட்டின கோப்பு ஒன்று வெளியில போனால், அதின்ர கடவுச்சொல் ஒருநாளும் காலாவதியாகாது.

சரி, என்ன செய்திருக்க வேணும்?

முதல் விடை வெட்கப்படுற அளவுக்கு எளிது. இரவு ஓடுற நிரலுக்கு மூடத் தெரிந்தால் காணும், திறக்கத் தெரியத் தேவையில்லை. மூடுறதுக்குப் பொதுத்திறப்பு போதும். அதுக்குக் கடவுச்சொல்லே இல்லை. சரிபார்க்கிறதை மாதம் ஒருக்கா ஒரு மனிசர் தன்ர கணனியில கையால செய்யலாம். இப்ப அப்படித்தான் செய்யிறம். நிரல் எழுதுறவர்கள் "கடவுச்சொல்லை எங்க வைப்பம்" என்று கேட்க முதல் "இந்த இடத்தில தனித்திறப்பு ஏன் வேணும்" என்று கேளுங்கோ. பாதிக் கேள்வி அதிலேயே முடிஞ்சிடும்.

வேணும் என்று வந்தால், வைக்கக் கூடாத இடங்கள். நிரலுக்குள்ள வேண்டாம், அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கட்டளை வரியில வேண்டாம். அந்தக் கணனியில இருக்கிற மற்றப் பயனர்கள், ஓடுற நிரல்களைப் பட்டியலிடுற கட்டளையை அடிச்சாலே அது தெரியும். கட்டளை வரலாற்றிலும் எழுதப்படும். ஓப்பன்எஸ்.எஸ்.எல். கையேடே இந்த வழியைப் பாதுகாப்பு முக்கியமில்லாத இடத்தில மட்டும் பாவிக்கச் சொல்லுது. சூழல் மாறியில போடுறது கொஞ்சம் மேல், ஆனா அந்த நிரல் தொடக்கி விடுற ஒவ்வொரு நிரலுக்கும் அது போய்ச்சேரும், பிழை அறிக்கைகளிலும் சில நேரம் அப்படியே கொட்டுப்படும். வட்ஸ்அப் குழுவில அனுப்புறதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லேல்லை. செய்த ஆக்களுக்குத் தெரியும்.

வைக்கக்கூடிய இடம்? ஆள் பக்கத்தில இருந்தால் ஆளைக் கேட்கிறதுதான் நல்லது. ஒவ்வொரு தரமும் அடிக்க அலுப்பு என்றால் அதுக்குத்தான் ஏஜென்ட் என்ற நிரல். திறந்த திறப்பை நினைவகத்தில கொஞ்ச நேரம் பிடிச்சுவைத்திருக்கும். ஜி.பி.ஜி. ஏஜென்ட் வழமையா 10 நிமிசம் பாவிக்காட்டில் மறந்திடும், பாவிச்சுக்கொண்டே இருந்தாலும் 2 மணித்தியாலத்தில திருப்பிக் கேட்கும். எஸ்.எஸ்.எச். ஏஜென்ட் அப்படியில்லை. நேரம் குறிச்சுக் குடுக்காட்டில் நீங்கள் நிப்பாட்டும் வரை வைத்திருக்கும். நேரத்தைக் குறியுங்கோ. யூபிகீ மாதிரி ஒரு வன்பொருள் வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. திறப்பு அதுக்குள்ளயே கிடக்கும், வெளியில வராது. ஜி.பி.ஜி.க்குப் பாவிச்சால், வழமையான அமைப்பில இரகசிய எண்ணை மூன்று தரம் பிழையா அடிச்சால் பூட்டிக்கொள்ளும்.

ஆளே இல்லாத சேர்வர், அது திறக்கத்தான் வேணும் என்றால்? உதாரணமா இணையத்தளச் சேர்வர். அங்க திறப்புக்குக் கடவுச்சொல் போட்டு, அந்தக் கடவுச்சொல்லைப் பக்கத்துக் கோப்பில எழுதி வைக்கிறது, வாசலைப் பூட்டித் திறப்பைக் கால்மிதிக்குக் கீழ வைக்கிற வேலை. களவெடுக்க வாறவன் இரண்டையும் சேர்த்து எடுப்பான். கடவுச்சொல் இல்லாமலே வைத்து, கோப்பு உரிமையை இறுக்கி, திறப்பை அடிக்கடி மாத்துறது நேர்மையான வழி. பாதுகாப்பு மாதிரித் தெரியிற ஒன்று பாதுகாப்பே இல்லாததை விட மோசம்.

நிரல் எழுதுற தோழர்களுக்கு இன்னும் நாலு சொல். ஓப்பன்எஸ்.எஸ்.எல். போன்ற நூலகங்கள் கடவுச்சொல் தேவைப்படும்போது நீங்கள் எழுதிக் குடுத்த ஒரு செயற்கூற்றைக் கூப்பிடும். நீங்கள் ஒன்றும் குடுக்காட்டில் முனையத்தில தானே கேட்கும், ஆளில்லாத சேர்வரில அப்படியே தூங்கி நிற்கும். அது குடுக்கிற இடத்தின் அளவைக் கவனியுங்கோ. நீளமான கடவுச்சொல்லைச் சத்தமில்லாமல் வெட்டிப்போடாதேங்கோ, பிழை என்று சொல்லுங்கோ. புதிதாப் பூட்டும்போது இரண்டு தரம் கேளுங்கோ, திறக்கும்போது ஒரு தரம். வேலை முடிஞ்ச உடனே நினைவகத்தில அழியுங்கோ. சீ மொழியில சாதாரணமா அழிச்சால், "இதை இனி ஆரும் வாசிக்கேல்லையே" என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிப்போடலாம். அதனால அதுக்கென்றே இருக்கிற அழிப்புச் செயற்கூற்றைப் பாவியுங்கோ. ஜாவாவில சரத்தில வைக்காமல் எழுத்து வரிசையில வாங்கச் சொல்லுறதும் இதுக்குத்தான். சரத்தை அழிக்க ஏலாது.

நினைவகம் ஏன் முக்கியம்? 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையை நினைச்சுப் பாருங்கோ. தூரத்தில இருக்கிற ஆர் வேணுமென்றாலும் சேர்வரின்ர நினைவகத்தை ஒரு தரத்துக்கு 64 கிலோபைட் வரை உறிஞ்சலாம் என்று இருந்தது. தனித்திறப்புகளும் அதில வந்தது. கோப்பில எவ்வளவு நல்ல கடவுச்சொல் போட்டிருந்தாலும், திறந்து நினைவகத்தில கிடக்கிற திறப்புக்கு அது காவல் இல்லை.

பழைய எஸ்.எஸ்.எச். திறப்பு வைத்திருக்கிறவையும் கேளுங்கோ. பழைய வடிவத்தில கடவுச்சொல்லை ஒரே ஒரு தரம்தான் அரைச்சது, அதுவும் எம்.டி.5 ஆல. 2014 இல் மெதுவா அரைக்கிற பீகிரிப்ட் வடிவம் வந்தது, 2018 இல்தான் அது வழமையானதாச்சு. அதுக்கு முதல் செய்த திறப்பு என்றால் புதுசு செய்யுங்கோ.

இனிக் கடவுச்சொல்லைத் தெரியிறது. எங்கட ஆக்கள் என்ன வைப்பினம் என்று எனக்குத் தெரியும், எதிரிக்கும் தெரியும். ஊர்ப் பேரும் 2009 உம். போராளி ஒருவரின்ர பேரும் பிறந்த வருசமும். கொஞ்சம் படிச்ச ஆக்கள் என்றால் திருக்குறள். தோழர்களே, குறள் மொத்தம் 1330. ஒவ்வொன்றையும் ஆயிரம் விதமா எழுதிப் பார்த்தாலும் 13 இலட்சத்து 30 ஆயிரம் ஊகம்தான். கணனிக்கு அது ஒரு வேலையே இல்லை.

தாயக்கட்டை உருட்டுங்கோ. 1995 இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் சொன்ன வழி: 7776 சொல் கொண்ட பட்டியல், ஒரு சொல்லுக்கு ஐந்து தரம் உருட்டல். ஆறு சொல் எடுத்தால் 2 க்குப் பின்னால 23 பூச்சியம் போடுற அளவுக்குச் சாத்தியங்கள். பட்டியல் இரகசியம் இல்லை, உங்கட மூளை தெரிவு செய்யாமல் இருக்கிறதுதான் அதின்ர பலம்.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமோ என்று போன முறை ஒரு தம்பி கேட்டவர். ஆசைதான். ஆனா கவனம். 'கொ' என்ற எழுத்தை யுனிகோட்டில ஒரே உயிர்க்குறியாவும் அடிக்கலாம், கொம்பும் அரவுமா இரண்டு துண்டாவும் அடிக்கலாம். 'ஸ்ரீ'க்கும் இரண்டு வழி இருக்கு. கண்ணுக்கு ஒன்றுதான், கணனிக்கு வேற வேற பைட். ஃபோன் விசைப்பலகையில பூட்டி மடிக்கணனியில திறக்கப்போனால், சரியான சொல்லை அடிச்சும் "பிழை" என்று சொல்லலாம். ஆங்கில எழுத்தில தமிழ்ச் சொல் என்றால் எழுத்துக்கூட்டை ஒன்றா வைத்திருங்கோ. 'புட்டு'க்கே எங்கட வீட்டில மூன்று எழுத்துக்கூட்டு.

இப்ப அரசு. நாங்கள் பிரித்தானியாவில இருக்கிறம், அதனால இந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்லுறன். 2000 ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கு. விமான நிலையத்தில ஒரு சந்தேகமும் இல்லாமலே மறிச்சு, 6 மணித்தியாலம் வரை விசாரிக்கலாம். இந்த அறையில அதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். 2013 ஓகஸ்ட்டில் ஸ்னோடன் ஆவணங்களோடு வந்த டேவிட் மிராண்டாவை ஹீத்ரோவில ஏறக்குறைய 9 மணித்தியாலம் வைத்திருந்தவை, அப்ப சட்டம் அவ்வளவு நேரம் விட்டது. ஒரு கோப்பின் கடவுச்சொல் எழுதின கடதாசித் துண்டும் அவரிடம் இருந்தது என்று அரசு நீதிமன்றத்தில சொன்னது. 2016 நவம்பரில் கேஜ் அமைப்பின் முஹம்மது ரப்பானியை மறிச்சினம். சித்திரவதைக்குள்ளான ஒருவரின் சாட்சியம் தன்னிடம் இருக்கு என்று சொல்லி அவர் கடவுச்சொல்லைக் குடுக்க மறுத்தார். 2017 செப்டெம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, 12 மாத நிபந்தனை விடுதலை, 620 பவுண்ட்ஸ் செலவு. விமான நிலையத்துக்கு வெளியிலயும், இன்னொரு சட்டத்தின் 49 ஆம் பிரிவின்படி அறிவித்தல் தந்து திறப்பைக் கேட்கலாம். குடுக்காட்டில் 2 வருசம் வரை சிறை, தேசியப் பாதுகாப்பு என்றால் 5 வருசம் வரை.

நான் சட்டத்தரணி இல்லை. பயணம் போக முதல் ஒரு சட்டத்தரணியின் நம்பரைக் கையில எழுதிக்கொண்டு போங்கோ. நான் சொல்லக்கூடியது இதுதான்: கொண்டுபோகாத திறப்பை ஆரும் பறிக்க ஏலாது. ஊருக்குப் போய்ச் சாட்சியம் எடுக்கிற தோழருக்குப் பொதுத்திறப்பு மட்டும் போதும். பதிந்த கையோட மூடி அனுப்பட்டும். அவராலயே திறக்க ஏலாது. அது பொய் இல்லை, உண்மையா ஏலாது.

கடைசியாக, திறப்பு ஆரிட்ட இருக்க வேணும்? முந்தி என்னட்ட மட்டும் இருந்தது. நான் பிழை விட்டபோது கேட்க ஆளில்லாமல் போனதுக்கு அதுதான் காரணம். எனக்கு நாளைக்கு ஒன்று நடந்திருந்தால் அந்த அம்மாமாரின் குரலும் என்னோட போயிருக்கும். எல்லாத் திறப்பையும் ஒரே கையில குடுத்துப் பார்த்த அனுபவம் எங்கட அரசியலுக்குக் காணும் என்று நினைக்கிறன்.

1979 இல், அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த அதே வருசம், அடி ஷமீர் என்ற கணித அறிஞர் ஒரு வழி சொன்னார். ஒரு இரகசியத்தை ஐந்து பங்காக்கி, எந்த மூன்று பங்கு சேர்ந்தாலும் திறக்கும், இரண்டு சேர்ந்தால் ஒன்றுமே தெரியாது என்று செய்யலாம். கணக்கு எளிது: ஒரு புள்ளியை வைத்து நேர்கோட்டைக் கீற ஏலாது, இரண்டு புள்ளி வேணும். அதே மாதிரிப் பரவளைவுக்கு மூன்று. இதுக்கு இலவச மென்பொருள் இருக்கு. எங்கட புதுத் திறப்பின்ர கடவுச்சொல்லை அப்படித்தான் பிரிச்சிருக்கிறம். ஐந்து பேர், ஒரே நாட்டில இல்லை, ஒரே வீட்டில இல்லை. ஒவ்வொருவரும் கடதாசியில எழுதி வைத்திருக்கினம். தொகுப்பைத் திறக்க வேணுமென்றால் மூன்று பேர் சம்மதிக்க வேணும், ஏன் திறக்கிறம் என்று கதைக்க வேணும். நேரம் எடுக்கும்தான். எடுக்கட்டும்.

ஐந்து பேரில ஒருத்தி, "இது டெஸ்ட் பாஸ்வேர்ட் தானே" என்று கேட்ட அந்தத் தங்கச்சி. நான் அந்த ஐந்து பேரில இல்லை. கூட்டம் அப்படி முடிவெடுத்தது, நானும் கை உயர்த்தினன்.

இந்தக் கிழமை வீட்ட போய் இரண்டு வேலை செய்யுங்கோ. உங்கட நிரல்களிலயும் பழைய கிட் வரலாற்றிலயும் கடவுச்சொல் கிடக்கோ என்று தேடுங்கோ. கிடந்தால் கடவுச்சொல்லை மாத்தாதேங்கோ, திறப்பை மாத்துங்கோ. பிறகு, அந்தத் திறப்பால ஆரின்ர பேரெல்லாம் பூட்டியிருந்தது என்று ஒரு கடதாசியில எழுதிப் பாருங்கோ. அவைக்குச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கோ.

தேத்தண்ணி வந்திட்டுது, குடிச்சுக்கொண்டே கேள்விகளுக்குப் போவம்.